சும்மா குப்பி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்து சேர்ந்தது. இந்தக் காலத்தில் கையால் எழுதின கடிதமா என்று தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். வாரம் தவறாமல் போனில் பேசுகிறாய். இருந்தாலும் உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதியிருக்கிறாயே, மனசு நிறைந்துபோயிற்று. ஆனால் உன் கையெழுத்து இன்னும் கோழி கிண்டின மாதிரிதான் இருக்கிறது. வேறொரு கிரகத்தின் நிலாவுக்கு இயந்திரம் அனுப்புகிறவனுக்கு 'ழ' போட வரவில்லை என்று வெளியே சொல்லிவிடாதே. பாடம் சொல்லிக்கொடுத்த எனக்குத்தான் அவமானம்.

இங்கே நான் நன்றாகவே இருக்கிறேன். மூன்று மாடி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. லிஃப்ட் வழக்கம்போலப் படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் கதவைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். அண்ணன் போய் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. அவருடைய சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒரு பெட்டியில் எடுத்து வைத்தேன். வைத்ததோடு சரி. பெட்டி வாசல் பக்கத்திலேயே கிடந்து போகவர என் காலில் இடிக்கிறது. நாற்பத்திரண்டு வருஷம் ஒருத்தரோடு வாயாடிவிட்டு இப்போது யாரோடு பேசுவது? சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அதைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன். கப்பலின் பின்தளத்தில் குப்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்வெட்டரின் உள்பக்கம் வெளியே தெரிகிறது பார். அன்றைக்கே நான் சொன்னேன். "மீன் வந்து பார்க்கப் போகுதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவருடைய எண்ணிக்கை நோட்டையும் அனுப்பச் சொல்லியிருக்கிறாய். தேடிக்கொண்டிருக்கிறேன். எங்கேயாவது இருக்கும்.

உங்கள் கருவிக்கு அண்ணன் பெயரை வைக்கப் போகிறீர்கள், அவர் பெயர் பொறித்த தகடு அந்தப் பனி நிலாவில் போய் இறங்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார்.

மற்றதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். அந்த நிலா முழுக்கப் பனிக்கட்டி, பனிக்கு அடியில் கடல். உங்கள் இயந்திரம் போய் இறங்கி ஒரே ஒரு துளைதான் போடும், இரண்டாவது துளைக்கு அதற்குத் தெம்பு கிடையாது. உப்பு கெட்டியாகப் படிந்த விரிசலில் போடுவதா, உப்பு குறைந்த சமவெளியில் போடுவதா என்று இரண்டு வருஷமாக அடித்துக்கொள்கிறீர்கள். அவ்வளவு உப்பில் எதுவும் பிழைக்காது என்றவர்களின் வாயை அண்ணனின் கட்டுரையைக் காட்டி நீ அடைத்துவிட்டாய். நம் கடலின் அடியில் இதே அளவு உப்பில் உயிர் இருந்ததே, அங்கே ஏன் இருக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறாய். இருபதாம் தேதி கூட்டத்தில் விரிசல்தான் என்று முடிவாகிவிடும்.

அதில் எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய முடிவுக்கு அண்ணனின் அந்த ஒரு கட்டுரைதான் ஆதாரமா? வேறு யாரும் வேறு எங்கேயும் அப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லையா? நீங்கள் எல்லாம் படித்தவர்கள், ஒன்றுக்கு இரண்டு ஆதாரம் வைத்திருப்பீர்கள். அப்படித்தான் என்று ஒரு வரி எழுதிப் போடு, என் மனசு ஆறும்.

உன் மனைவிக்கு என் அன்பு, சின்னவளுக்கு ஒரு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன். நீ "சொல்லுங்க அண்ணி" என்றதும் குழாய் சொட்டுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். நீயும் பாவம், மூன்று தடவையும் வாஷரை மாற்றச் சொன்னாய். ஆகவே எழுதுகிறேன். உட்கார்ந்து படி. உன் மனைவி பக்கத்தில் இருக்கட்டும்.

நோட்டைத் தேடுவதாக எழுதியது பொய். அது எப்போதும் என் துணி அலமாரியில்தான் இருக்கிறது. இப்போது என் முன்னால் திறந்து கிடக்கிறது. கடைசிப் பயணத்தின் கடைசி இறக்கம் என்ற பக்கத்தில், சும்மா குப்பி என்ற கட்டத்துக்குள், என் கையெழுத்தில் ஒரு பூஜ்யம் இருக்கிறது. அது பூஜ்யம் இல்லை, தம்பி. ஏழு.

உனக்குத் தெரிந்த விஷயங்கள்தான், ஆனாலும் நீ இதைக் கூட்டத்தில் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன். கடல்மட்டத்துக்கு மூன்றரை கிலோமீட்டர் கீழே இருக்கிறது அந்தக் குழி. அதில் உப்பேறிக் கனத்த தண்ணீர், கடலுக்கு அடியில் ஒரு குளம் மாதிரி, மேலே இருக்கிற கடலோடு கலக்காமல் தேங்கி நிற்கிறது. அங்கே ஒரு உயிர் பிழைக்குமானால் வேறு உலகங்களிலும் பிழைக்கலாம் என்பது உன் அண்ணனின் நம்பிக்கை. கப்பலில் அவரை உப்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒவ்வொரு இறக்கத்திலும், வின்ச்காரர் கம்பியில் கட்டி இறக்குகிற வட்டச் சட்டத்தில் பன்னிரண்டு குப்பிகள் போகும். பதினொன்று அடியில் திறந்து தண்ணீரை எடுத்துக்கொண்டு மூடிக்கொள்ளும். பன்னிரண்டாவதில் கப்பலிலேயே காய்ச்சி வடித்த தண்ணீரை அடைத்து அனுப்புவோம். அது திறக்காது. சும்மா போய்விட்டுச் சும்மா வரும், அதனால் அதற்குச் சும்மா குப்பி என்று பெயர். அதிலும் உயிர் தென்பட்டால் அழுக்கு எங்கள் கையிலிருந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அன்றைய பன்னிரண்டையும் கொட்டிவிட வேண்டும். குழித் தண்ணீரை எண்ணுகிறவர் சும்மா குப்பியை எண்ணக் கூடாது, ஆசை கண்ணை மறைக்கும் என்று சட்டம் போட்டவர் உன் அண்ணன். அதனால் குழியை அவர் எண்ணுவார். குப்பிகளைக் கழுவிப் பொருத்துவதும் சும்மா குப்பியை எண்ணுவதும் என் வேலை.

ஒன்பது வருஷம், நாலு பயணம், நாற்பத்தாறு இறக்கம். அத்தனையும் பூஜ்யம். பூஜ்யம் வந்த நாளில் அவர் எப்படி இருப்பார் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போதே தூரமாகப் போய்விட்டாய். கோபப்பட மாட்டார். ஒரு வார்த்தை பேச மாட்டார். தட்டில் இருப்பதைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நாள் கணக்கில் அந்த முதுகோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடைசி இறக்கத்தன்று விடியும்போதே காற்று மாறிவிட்டது. இரண்டு மணிக்குள் சட்டத்தை ஏற்றிவிட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டார். குப்பி மூடிகளின் ரப்பர் வளையங்கள் பன்னிரண்டு மணி நேரம் ஸ்பிரிட்டில் ஊற வேண்டும். அன்றைக்கு ஊறியது இருபது நிமிஷம். கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் தட்டில் வைத்த வளையம் எல்லாம் உருண்டு ஓடுகிறது. உன் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "சீக்கிரம், சீக்கிரம், வின்ச்காரர் காத்துக்கிட்டிருக்காரு" என்று பறக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? கையுறையைக் கீழே மடித்துவிட்டு, பன்னிரண்டு வளையத்தையும் வளையல் மாதிரி வெறும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பொருத்தினேன். வியர்த்து வழிகிற கை. அந்தக் கப்பலில் காலெடுத்து வைத்த ஒவ்வொருவருக்கும் கையுறைப் பாடம் நடத்தியவள் நான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள், அன்றைக்கு நாங்கள் பதறினோம்.

எண்ணும் அறைகள் இரண்டும் எதிரெதிரே, நடுவில் ஒரு ஆள் போகும் அளவுக்கு நடை. தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் சாயம் விட்டு நுண்ணோக்கியில் வைத்தால் உயிருள்ளவை பச்சையாக மினுங்கும். நான் சும்மா குப்பியின் தாளை வைத்தேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழு. சொல்லிவிடலாம் என்று எழுந்து கதவில் கை வைத்தபோது எதிர் அறையில் ஒரு அலறல். யாருக்கோ அடிபட்டுவிட்டது என்றே நினைத்தேன். உன் அண்ணன்தான். குப்பிக்கு ஐந்து, எட்டு, ஆறு என்று கத்திக்கொண்டே ஓடிவந்து நடையில் நின்ற வின்ச்காரரைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தார். அந்த மனிதர் நூற்றுப்பத்து கிலோ. இரண்டு பேரும் சேர்ந்து சுவரில் மோதிக்கொண்டார்கள். பிறகு என் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்குகிறது. "சும்மாவுல எவ்வளவு?" என்று கேட்டார்.

அப்படி ஒரு முகத்தை நான் ஒன்பது வருஷமாகப் பார்த்ததில்லை. பூஜ்யம் என்று சொல்லிவிட்டேன்.

வின்ச்காரர் எதிரிலேயே என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பி நின்றார். அவர்கள் போனதும் வடிதாளைக் குழாயடியில் காட்டிக் கழுவிவிட்டேன். அடுத்த பயணத்தில் நிஜமாகவே கிடைத்துவிடும், இந்தப் பொய் அதில் கரைந்துபோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த பயணம் வரவேயில்லை. கப்பலை உடைக்க அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பெரிய கூட்டம். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஆராய்ச்சி மாணவி, இருபத்தைந்து வயசு இருக்கும். சும்மா குப்பியின் வடிதாளை வைத்திருக்கிறீர்களா, நான் பார்க்கலாமா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. உன் அண்ணன் சிரித்துக்கொண்டே, "அதை எண்ணினது என் மனைவி. எங்க வீட்டுல அதுக்கு மேல கோர்ட்டு கிடையாது" என்றார். கூடமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் நானும் இருந்தேன். நானும் சிரித்தேன், தம்பி. அந்தப் பெண் முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அவளை எந்தக் கப்பலிலும் சேர்த்துக்கொள்ளவில்லை என்று காதில் விழுந்தது. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறாளாம்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். சும்மா குப்பியில் உயிர் எதுவும் காணப்படவில்லை என்ற வரியையும் குரல் நடுங்காமல் படித்தேன். "எவ்வளவு சுத்தமா வேலை பார்த்திருக்கே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

உன் கடிதம் வராமல் இருந்தால் இது அவரோடே போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் நீங்கள் அந்த விரிசலில் துளை போட்டு, அது செத்த உப்பாக இருந்து, ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அந்த நிலாவிலேயே உயிர் கிடையாது என்று எழுதி மூடிவிடுவீர்கள். பக்கத்துச் சமவெளியில் ஏதாவது இருந்தாலும் இன்னொரு தடவை யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? என் மணிக்கட்டு வியர்வையை நம்பி நீ இருபது வருஷ உழைப்பைக் கொண்டுபோய் இறக்கப் போகிறாய். அதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. அந்தக் குழியில் உயிர் இல்லவே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்ல எங்களுக்கு அருகதை கிடையாது, அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி யாரும் இல்லை, என் வார்த்தை ஒன்றுதான். அண்ணனுக்கு ஒரு துளியும் தெரியாது என்பதை மட்டும் கூட்டத்தில் அழுத்திச் சொல். அவர் கண்ணில் பட்டதை அவர் சரியாகவே எண்ணினார். தகட்டை எடுத்துவிடு. இந்த வரியை எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எடுத்துவிடு. நோட்டை இதோடு அனுப்புகிறேன்.

உன்
அண்ணி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. ஆறு பக்கம் எழுதுகிறவன் நாலே வரி எழுதியிருக்கிறாய். 'அன்புள்ள' இல்லை, வெறும் 'அண்ணி' என்று ஆரம்பிக்கிறது. அந்த ஒரு வார்த்தையையாவது விட்டுவைத்தாயே, அது போதும்.

என் கடிதத்தைக் கூட்டத்தில் நீயே படித்துவிட்டாய். சமவெளி என்று முடிவாகிவிட்டது. தகட்டைக் கழற்றிவிட்டீர்கள், கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கும் எழுதிவிட்டாய். அத்தனை பேர் முன்னால் உன் அண்ணனைப் பற்றி அதைப் படிக்க உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்ய வேண்டியதை உன் தலையில் கட்டிவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்தைத் தேடிக் கண்டுபிடித்துப் போன் செய்தேன். மதிய இடைவேளை போலிருக்கிறது, பின்னால் ஒரே இரைச்சல். யார் பேசுகிறேன் என்று சொன்னேன், விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அதுல எத்தனை இருந்தது?" என்று கேட்டாள். ஏழு என்றேன். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். இறங்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, அதுவும் நியாயம்தான்.

அண்ணன் இருந்தபோதே ஏன் சொல்லவில்லை என்று நாலாவது வரியில் கேட்டிருக்கிறாய். இரண்டு வாரமாக அதற்குப் பதில் தேடுகிறேன். நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் உனக்குப் பதினொரு வயசு. நீ கணக்கில் பெயிலான அட்டையில் அண்ணன் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அடிக்குப் பயப்படவில்லை, அவர் உன்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அவர் முகம் சுருங்கிவிடுமே என்றுதான் நாம் இரண்டு பேரும் பயந்தோம். உன் அண்ணன் தங்கமான மனிதர், நான் குறை சொல்லவில்லை. தோல்வி வந்தால் அதை வைத்துக்கொள்ள அவருக்கு இடம் தெரியவில்லை, அதனால் வீடு முழுக்கப் பரப்பிவிடுவார். பொய் சொன்னது என் வாய். அதில் யாருக்கும் பங்கு கொடுக்க மாட்டேன். நீ கேட்டாய், இதுதான் பதில்.

நேற்று உன் மனைவி போன் செய்தாள். நான் கேட்டதால் சொன்னாள், அவளைக் கோபிக்காதே. வேலையிலிருந்து வந்தபிறகும் அரை மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருக்கிறாயாம். தட்டைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாயாம். சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தில் போய்விட்டதாம். நீ கேட்டதற்கு, நல்ல மார்க் என்று சொல்லிவிட்டாளாம். ஏண்டி அப்படிச் சொன்னே என்று அம்மா கேட்டதற்கு, "அப்பா முகத்தைப் பார்த்தா சொல்லத் தோணலம்மா" என்றாளாம். அவளைக் கண்டிக்காதே, தம்பி. இன்றைக்கே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்.

என்னோடு பேசாமல் இருக்கிறாய், இரு. சாவு ஒரு தடவை எடுத்துக்கொண்ட உன் அண்ணனை உன்னிடமிருந்து இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டவள் நான். எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. வீட்டில் மட்டும் பேசு.

இயந்திரம் அங்கே போய்ச் சேர ஏழு வருஷம் என்று உன் மனைவி சொன்னாள். அந்தச் சேதி வரும்போது நான் இருப்பேனோ, மாட்டேனோ. நல்ல சேதியாக வரட்டும், உன் உழைப்பு வீண்போகாது. அப்படி வராமல் பூஜ்யம் என்று வந்தால், அன்று சாயங்காலம் காரைவிட்டு இறங்கி நேரே உள்ளே போ. பூஜ்யம் என்று வாய்விட்டுச் சொல். பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடு. உன் மேல் இரக்கப்பட்டு யாரும் பொய் சொல்ல வேண்டியிராத வீடாக உன் வீடு இருக்கட்டும், அப்பா.

என்றும் உன்
அண்ணி